டிவி இல்லாத அறைக்கு 1,900 ரூபாய் கேப்சர் பாக்ஸ்

டிவி இல்லாத அறையில் லேப்டாப் திரையிலேயே பிளேஸ்டேஷன் ஆட நான் ஒரு கேப்சர் பாக்ஸ் வாங்கினேன். கன்சோலின், அதாவது விளையாட்டுப் பெட்டியின், படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவருவதுதான் அதன் வேலை. லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். பிளேஸ்டேஷனிலிருந்து கேபிளைக் கொண்டுவந்து அதில் சொருகினால் இரண்டு பக்கமும் படத்தை வெளியே தள்ளப் பார்க்கும். வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. ஏலியன்வேரின் சில பழைய மாடல்களில் படத்தை உள்ளே வாங்கும் போர்ட்டும் தனியாக இருந்தது. நீங்களும் நானும் வேலைக்கு வைத்திருக்கிற லேப்டாப்பில் அது கிடையாது. ஆனாலும் வெறும் கேபிளை, கன்சோலும் லேப்டாப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரிப் படம் போட்டு ஆன்லைனில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னொன்று, யூஎஸ்பி டு எச்டிஎம்ஐ அடாப்டர். பார்க்கக் கேப்சர் ஸ்டிக் (பாக்ஸ் செய்கிற அதே வேலைக்கான சின்ன, மலிவு வகை) மாதிரியே இருக்கும், ஆனால் அது லேப்டாப் படத்தை டிவிக்கு அனுப்புவது. வேலை நேர் எதிர். வாங்கும்போது ‘கேப்சர்’ என்ற சொல் அட்டையில் இருக்கிறதா, எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்தில் ‘இன்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

நான் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு பார்க்கிறேன். வீடு மலைக்குக் கீழே, கம்பத்தில். வாரத்தில் பாதி நாள் கடைக்குப் பின்னால் இருக்கும் மாடி அறையில் தங்கல், மீதி நாள் வீடு. துபாயில் இருக்கும் மாமா மகன் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கியதும் பழைய பிஎஸ்4 ஸ்லிம்மை எனக்குக் கொடுத்துவிட்டான். மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஆடி மழையில் காயாத துணி. டிவி மாட்டச் சுவர் கிடையாது. கம்பத்தில் டிவி உண்டு. ஆனால் சாயங்காலம் சீரியல் ஆரம்பித்தபிறகு அம்மா கையிலிருந்து ரிமோட்டை வாங்குவதைவிடப் புத்தடி ஏலக்காய் ஏலத்தில் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயை மலிவாக எடுப்பது சுலபம். பிஎஸ்4 ஸ்லிம் இரண்டு கிலோ சொச்சம்தான். லேப்டாப்போடு ஒரே பையில் போட்டு லோயர்கேம்ப்பில் பஸ் ஏறிவிடலாம். மானிட்டரை அப்படித் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. சபரிமலை சீசனில் மேலே போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தாலும் தோளில் ஒரு பைதான். இந்த மதிப்பீட்டை அந்தக் கணக்கோடு படியுங்கள். ஒரே இடத்தில் இருக்கிறவர்களுக்குக் கடைசியில் வேறு யோசனை வைத்திருக்கிறேன்.

பாக்ஸுக்குப் பெயர் கிடையாது. உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. ஒரு பக்கம் எச்டிஎம்ஐ இன், இன்னொரு பக்கம் ‘லூப்’ என்று ஒரு எச்டிஎம்ஐ, நடுவில் யூஎஸ்பி-சி, ஓரத்தில் மைக் ஓட்டை. கன்சோலின் படம் ‘இன்’ வழியாக நுழைந்து, யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போகும். அதே படத்தை ‘லூப்’ வழியாக ஒரு டிவிக்கும் கொடுக்கலாம். அட்டையில் கொட்டை எழுத்தில் 4கே என்று போட்டிருக்கிறது. அது உள்ளே வாங்குவதற்கும் லூப்பில் விடுவதற்கும் மட்டும். லேப்டாப்புக்கு வருவது 1080பி (1920க்கு 1080 புள்ளி), நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். பிஎஸ்4 ஸ்லிம் தருவதே அதிகபட்சம் 1080பி என்பதால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் அந்த 4கே-வைப் பார்த்து மயங்கிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அட்டையில் எங்கேயும் போடாத ஒரு விஷயம்தான் இதில் முக்கியம்: பட்டனை அமுக்கினதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்பது.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. கம்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கல்யாண வீடுகளிலிருந்து யூடியூப் லைவ் போடுகிறவர். கேமராவை லேப்டாப்பில் சேர்க்க அவரிடம் 600 ரூபாய் கேப்சர் ஸ்டிக் ஒன்று இருந்தது, எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டரும் இருந்தது.

“அண்ணே, ரெண்டையும் டிவிகூட வச்சுப் பாத்துருவோமா?”

“கொண்டா தம்பி. நாளைக்கு முகூர்த்தம் கெடயாது, சும்மாதான் இருப்பேன்.”

பிஎஸ்4-இலிருந்து வரும் படத்தை ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவருடைய டிவிக்கும் மற்றதை ஸ்டிக் வழியாக லேப்டாப்புக்கும் கொடுத்தோம். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டாயிற்று. கால்பந்து ஆட்டத்தில் ஒரு பெனால்டி. டிவியில் பந்து காலைவிட்டுக் கிளம்பிவிட்டது; லேப்டாப்பில் கால் இன்னும் பந்தைத் தொடவில்லை. கண்ணுக்கே தெரிந்தது. அண்ணன் சிரித்துவிட்டு, “நல்லவேளை, தாலி கட்டுறப்ப யாரும் பட்டன் அமுக்குறதில்ல” என்றார். லைவ் போடுகிறவருக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. கேமரா முன்னால் நடப்பது பார்க்கிறவர்களுக்கு எப்படியும் பல நொடி கழித்துத்தான் போகிறது. விளையாடுகிறவனுக்குத்தான் கழுத்தறுப்பு.

பிறகு ஸ்டிக்கை எடுத்துவிட்டு என் பாக்ஸை மாட்டினோம். இப்போது கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணன் போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் வைத்து இரண்டு திரையையும் சேர்த்து எடுத்தார். அதில் ஒரு ஃப்ரேம் என்றால் நான்கு மில்லி நொடி சொச்சம். தள்ளித் தள்ளி எண்ணிப் பார்த்ததில் ஸ்டிக் டிவியைவிட 150 மில்லி நொடிக்குப் பக்கத்தில் பின்தங்கியது, பாக்ஸ் ஐம்பது அறுபதில் நின்றது. டிவிக்கும் சொந்தமாக ஒரு தாமதம் உண்டு என்பதால் இது வித்தியாசம் மட்டும்தான். ஆனால் எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க இது போதும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 1080பி படத்தை நொடிக்கு 60 தரம் சுருக்காமல் அனுப்ப வேண்டுமென்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 கிகாபிட் வேண்டும். நிறத் தகவலைக் கொஞ்சம் குறைத்தாலும் 2 கிகாபிட். ஸ்டிக் பேசுவது யூஎஸ்பி 2.0, அதன் மொத்த வேகமே 480 மெகாபிட். அதனால் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக் போட்டோவாகச் சுருக்கி அனுப்புகிறது, லேப்டாப் அதைத் திரும்பப் பிரிக்கிறது. இந்த ஸ்டிக்குகள் பலவற்றில் இருப்பது எம்எஸ்2109 என்ற சிப். 1080பி-யில் அது தருவது நொடிக்கு 30 ஃப்ரேம்தான். என் பாக்ஸை அண்ணன் ஸ்க்ரூ கழற்றிப் பார்த்துவிட்டார். உள்ளே எம்எஸ்2130. இது யூஎஸ்பி 3.0, அதாவது 5 கிகாபிட், ஆகவே படம் சுருங்காமலே வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் என் லேப்டாப்பின் திரை 1366க்கு 768. 1080பி-யை முழுசாகக் காட்டக்கூட அதனால் முடியாது. பிஎஸ்4-ஐயே 720பி-க்கு மாற்றி வைத்திருக்கிறேன். பாக்ஸுக்குக் கொடுத்த கூடுதல் 1,300 ரூபாய் தெளிவுக்காக இல்லை, அந்த நூறு மில்லி நொடிக்காக.

கையில் ஏற்கெனவே ஸ்டிக் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கன்சோலிலும், லேப்டாப்பில் படத்தைக் காட்டும் ஓபிஎஸ் என்ற மென்பொருளிலும் 720பி வைத்தால் அதே ஸ்டிக் 60 ஃப்ரேம் தரும். தாமதமும் கொஞ்சம் இறங்கும். கதை விளையாட்டு, விவசாய விளையாட்டு, மாற்றி மாற்றிக் காய் நகர்த்தும் வகை எல்லாம் அதிலேயே தாராளமாக ஓடும். கிரிக்கெட்டில் பேட் பிடித்தால்தான் ஒவ்வொரு யார்க்கரும் ஸ்டம்பைப் பெயர்க்கும்.

இனி மாட்டுவது. முதல்முறை மாட்டியதும் கறுப்புத் திரைதான் வரும். பாக்ஸ் செத்துவிட்டது என்று கடைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பிஎஸ்4 தன் படத்தை எச்டிசிபி என்ற பூட்டுப் போட்டு அனுப்புகிறது, யாரும் பதிவு செய்யக்கூடாது என்பதற்காக. செட்டிங்ஸ், சிஸ்டம், அதில் ‘எனேபிள் எச்டிசிபி’ என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். பிஎஸ்5-இல் இதே விஷயம் சிஸ்டத்துக்குள் எச்டிஎம்ஐ என்ற தலைப்பின்கீழ் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த டிக்கை எடுக்க ஒரு திரை வேண்டும். ஒரே ஒரு தடவை யார் வீட்டு டிவியையாவது கடன் வாங்கித்தான் ஆகணும். நான் விளம்பர இடைவேளையில் அம்மாவிடம் வாங்கினேன். பூட்டை எடுத்தபிறகு படம் பார்க்கும் ஓடிடி ஆப்கள் பிஎஸ்4-இல் திறக்காது. அதை லேப்டாப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் எனக்குக் கவலை இல்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூட்டுத் தொல்லை கிடையாது. ஆனால் டாக் என்ற அதன் தாங்கியில் வைத்தால்தான் எச்டிஎம்ஐ வெளியே வரும். எக்ஸ்பாக்ஸில் விளையாட்டு ஓடும்போது பூட்டு இருக்காது, வீடியோ ஆப்களில் மட்டும் விழும்.

லேப்டாப்பில் ஓபிஎஸ் போதும், இலவசம். ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ சேர்த்து, ரெசல்யூஷனைக் கையால் கொடுத்து, ஃப்ரேம் 60, ஃபார்மட் ஒய்யூஒய்2 (சுருக்காத படம்), பஃபரிங், அதாவது படத்தைச் சேமித்துவைத்துக் காட்டுவது, ‘டிசேபிள்’ என்று வையுங்கள். கடைசியில் சொன்னதை விட்டால் தாமதம் கூடும். பிறகு படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து முழுத்திரை புரொஜெக்டர் எடுத்தால் டிவி மாதிரியே ஆகிவிடும். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்தால் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். நேரடியாக வரும் படத்துக்கு விஎல்சி தானாகவே 300 மில்லி நொடி சேமித்துவைத்துத்தான் காட்டும். மாற்றலாம், ஆனால் மாற்றவேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. விண்டோஸின் கேமரா ஆப்பில் படம் வரும், சத்தம் வராது. இன்னொன்று, பாக்ஸை நீல நிற யூஎஸ்பியில் சொருகுங்கள். கறுப்பில் சொருகினால் சத்தமில்லாமல் யூஎஸ்பி 2.0-க்கு இறங்கிவிடும், அப்புறம் 600 ரூபாய் ஸ்டிக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சில லேப்டாப்பில் நீலம் போடாமல் எஸ்எஸ் என்று சின்னதாக எழுதியிருப்பார்கள்.

சத்தத்துக்கு நான் லேப்டாப்பை நம்புவதில்லை. ஓபிஎஸ்ஸில் ‘ஆடியோ மானிட்டரிங்’ ஆன் செய்யாவிட்டால் எதுவும் கேட்காது. செய்தால் கேட்கும், ஆனால் படத்தைவிடப் பின்னால் வரும். அதற்குப் பதில் பிஎஸ்4 கன்ட்ரோலரிலேயே இயர்போன் ஓட்டை இருக்கிறது. டிவைசஸ், ஆடியோ டிவைசஸ் போய் ஹெட்போனுக்கு ‘ஆல் ஆடியோ’ என்று வைத்துவிட்டால் முழுச் சத்தமும் காதுக்கு நேராக வந்துவிடும். பாக்ஸில் இது கச்சிதம். ஸ்டிக்கில் இதே வேலையைச் செய்தால் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் முதலில் கேட்கும், புகை அப்புறம் தெரியும். ஸ்டிக்கின் சத்தத்தில் இன்னொரு கோணலும் உண்டு. இடது வலது இரண்டையும் சேர்த்து 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று விண்டோஸிடம் சொல்லிக்கொள்ளும். உள்ளே இருப்பது சாதாரண 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோதான்.

மலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு லாபம் சொல்லணும். இங்கே மழைக்காலத்தில் மரக்கிளை ஒடிந்து கம்பியில் விழாத வாரம் அபூர்வம். டிவியும் கன்சோலும் சுவர் மின்சாரத்தில் ஓடினால் இரண்டும் சேர்ந்து அணையும். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது, பாக்ஸும் அதிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிறது. ஆகவே யூபிஎஸ் சுமக்க வேண்டியது பிஎஸ்4-ஐ மட்டும். கடையில் பில் மெஷினுக்கு வைத்திருந்த பழைய 600 விஏ யூபிஎஸ், ஆட்டத்தைச் சேமித்து ஒழுங்காக அணைக்கும்வரை தாங்குகிறது. யூபிஎஸ் இல்லாமல் பட்டென்று போனால் அடுத்தமுறை பிஎஸ்4 “ஒழுங்காக அணைக்கப்படவில்லை” என்று குறை சொல்லிவிட்டு, ஸ்டோரேஜைச் சோதித்த பிறகுதான் உள்ளே விடும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது நல்லதில்லை. இடி இடிக்கும்போது யூபிஎஸ்ஸை நம்பி உட்காராமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இங்கே விழும் இடி அப்படி.

குறைகள். பாக்ஸ் நன்றாகச் சூடாகிறது. ஒரு மணி நேரம் ஓடினால் கையில் வைத்திருக்கப் பிடிக்காது. படம் அதனால் நின்றதில்லை, ஆனாலும் மெத்தைமேல் வைக்காமல் மேசையில் வைக்கிறேன். கூட வந்த யூஎஸ்பி கேபிள் ஒரு முழம்கூட இல்லை. நீளமாக மாற்றலாம் என்று போன் சார்ஜர் கேபிளைச் சொருகினால் அது 2.0 வேகத்துக்குத்தான் போகும், பலதும் அப்படித்தான். நீல விளக்கு ஒன்று இருக்கிறது, அணைக்க வழியில்லை, இருட்டில் கண்ணைக் குத்தும். இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். வாரன்டி கார்டில் முகவரிக்கான கோடு இருக்கிறது, முகவரி இல்லை. வாங்கிய கடைச் சேட்டனிடம் கேட்டேன்.

“கம்பெனி எவிடன்னு எனக்கே அறியாது தம்பி. கேடாச்சுன்னா கொண்டு வா, ஆறு மாசம் வரெ நான் மாத்தித் தரும்.”

“பில்லுல எழுதிக் குடுங்க சேட்டா.”

எழுதிக் கொடுத்தார். பெயரில்லாத சாமானை வாங்கும்போது பொருளைவிடக் கடையைப் பார்த்து வாங்குவது நல்லது. இதே பாக்ஸ் ஆன்லைனில் 200 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் குமுளியில் ஆர்டர் போட்டால் கேரள பின்கோடு, கம்பத்தில் போட்டால் தமிழ்நாடு, நான் எந்த நாள் எந்தப் பக்கம் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் கூரியர் பையன் மேலே வரும் நாளில் நான் கீழே இருப்பேன்.

காசே செலவழிக்காத வழியும் உண்டு. சோனியின் ரிமோட் பிளே. லேப்டாப்பில் அந்த ஆப்பைப் போட்டு, இரண்டிலும் ஒரே அக்கவுன்டில் நுழைந்தால் நெட்வொர்க் வழியாகவே படம் வந்துவிடும். கேபிள், பாக்ஸ், எச்டிசிபி எந்தத் தொல்லையும் இல்லை. பிஎஸ்4 ஸ்லிம்முக்கு 720பி வரைதான், பிஎஸ்4 புரோவுக்கும் பிஎஸ்5-க்கும் 1080பி. இரண்டும் ஒரே ரவுட்டரில் இருந்து, பிஎஸ்4-ஐ லேன் கேபிளில் சேர்த்துவிட்டால் நன்றாகவே இருக்கிறது. கம்பம் வீட்டில் நான் சில சமயம் இதைத்தான் ஓட்டுகிறேன். மாடி அறையில் வீட்டுக்காரர் வைஃபையைச் சுவர் தாண்டி உறிஞ்சுகிறேன் என்பதால் புல்தரை பாசி பிடித்த மாதிரிக் குழம்பும், இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாகத் தெரியும். வீட்டில் நல்ல ரவுட்டர் இருந்தால் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் 1,900 ரூபாய் மிச்சம்.

சரி, யார் வாங்கலாம்? என்னை மாதிரி இரண்டு ஊருக்கு நடுவில் அலைகிறவர், ஹாஸ்டல் பிள்ளைகள், ஏற்கெனவே லேப்டாப் இருந்து டிவிக்கு இடமில்லாதவர். கார் ஓட்டுவது, கால்பந்து, கதை விளையாட்டு எல்லாம் பாக்ஸில் எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. கிரிக்கெட் பேட்டிங்குக்குக் கை பழகிவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே அமுக்குகிறேன். டிவியில் போய் ஆடினால் அவுட் ஆகிறேன். குத்துச்சண்டை மாதிரி ஒருத்தன் கையை ஓங்கும்போதே தடுக்கவேண்டிய ஆட்டம் ஆடுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பெரிய கம்பெனிகளின் கேப்சர் கார்டு வாங்கினால் தாமதம் இன்னும் குறையும், ஆனால் அந்தக் காசுக்கு ஒரு மானிட்டரே வந்துவிடும். ஒரே இடத்தில் இருக்கிறவர் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட செகண்ட்ஹேண்ட் மானிட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதுதான் சரி. எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தத்துக்கு அந்தக் கன்ட்ரோலர் இயர்போன் வழியே போதும்.

வீட்டில் மதர்போர்டு எரிந்துபோன பழைய லேப்டாப் ஏதாவது கிடந்தால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. அந்தத் திரையை மட்டும் கழற்றி, எச்டிஎம்ஐ வாங்கும் கன்ட்ரோலர் போர்டு ஒன்றை அதில் சேர்த்தால் அசல் மானிட்டர்தான். நடுவில் யூஎஸ்பியும் விண்டோஸும் இல்லை, கேப்சர் தாமதமும் இல்லை. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்துத்தான் போர்டு வாங்க வேண்டும். பேனலின் இணைப்பு பெரும்பாலும் பழையதில் 40 பின் எல்விடிஎஸ் என்ற வகை, புதியதில் 30 பின் இடிபி என்ற வகை. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது. போர்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். தங்கச்சி காலேஜில் வைத்திருந்த லேப்டாப் அப்படி ஒன்று கம்பத்துப் பரணில் கிடந்தது, ஸ்க்ரீனில் கீறல் இல்லை. பின்பக்க எண்ணைப் போட்டோ எடுத்துச் சேட்டனிடம் கொடுத்திருக்கிறேன். போர்டு எர்ணாகுளத்திலிருந்து வரணும் என்றார். அது வந்தால் வீட்டில் ஒரு திரை நிரந்தரமாக நின்றுவிடும், பாக்ஸ் குமுளி மேசையிலேயே இருக்கும்.